நீர்மூழ்கிக் கதைகளுக்குள் இறங்குவது எப்படி: முதல்முறை வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீர்மூழ்கிக் கப்பல் கதைகளைப் படிக்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த வகைக் கதைகளில் நல்லவை எது என்று கண்டுபிடிப்பது சுலபம். அதன் சரியான வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய அலைச்சல். ஒரே படம் மூன்று நீளங்களில் கிடைக்கும். அதே பெயரில் வேறு கதையோடு ஒரு தொடரும் இருக்கும். நாவல் என்று வாங்கினால் கால்வாசி வெட்டப்பட்ட மொழிபெயர்ப்பு வந்து சேரும். இந்தக் குழப்பங்களில் நான் செலவழித்த பணமும் நேரமும் அதிகம். உங்களுக்கு அது வேண்டாம். கீழே சொல்லும் வரிசையில் போனால் மூன்று நான்கு வார இறுதிகளில் நல்ல அடித்தளம் கிடைத்துவிடும்.

1. முதலில் எந்த எஞ்சின் என்று பாருங்கள்

எந்தக் கதையை எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: கப்பல் டீசலா, அணுசக்தியா? இதற்கு விடை தெரிந்தால் கதை எந்தத் திசையில் போகும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். அதனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலான நேரம் கடலின் மேலேதான் ஓடின. தாக்கவும் தப்பவும்தான் மூழ்கின. மூழ்கிய பிறகு பேட்டரி மட்டுமே துணை. ஜெர்மனியின் ‘யு-போட்’ நீர்மூழ்கிகளில் டைப் 7சி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 17 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). அடியில் 7 நாட்டைத் தாண்டினாலே பெரிது. பேட்டரியை மிச்சம்பிடித்து 4 நாட்டில் ஊர்ந்தால் 80 கடல் மைல் வரை போகலாம். கணக்குப் போட்டால் ஒரு முழு நாள்கூட வராது. அதற்குள் மேலே வந்தாக வேண்டும். மேலே எதிரி காத்திருப்பான். டீசல் கதைகளின் மொத்தப் பதற்றமும் இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது. காற்று, பேட்டரி, ஆழம் ஆகிய மூன்றும் குறைந்துகொண்டே வரும்.

அணுசக்தி வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. அமெரிக்காவின் நாட்டிலஸ் 1954-ல் கடலில் இறங்கியது. 1958 ஆகஸ்ட் 3 அன்று பனிக்கு அடியிலேயே வட துருவத்தைக் கடந்தது. அணு நீர்மூழ்கி மாதக்கணக்கில் அடியிலேயே இருக்கலாம். சாப்பாடு தீர்ந்தால்தான் கரைக்கு வர வேண்டும். அதனால் அந்தக் கதைகளில் மூச்சுத் திணறல் பின்னுக்குப் போய், கட்டளை முன்னுக்கு வருகிறது. யார் சொன்னால் ஏவுகணையை விடுவது? செய்தி பாதியில் அறுந்துபோனால் என்ன செய்வது? கேப்டன் தவறு என்றால் துணை கேப்டன் எதுவரை போகலாம்? டீசல் கதை உடம்பைப் பிசையும். அணுக் கதை மனசாட்சியைப் பிசையும்.

இதோடு ஒலி பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். ஹைட்ரோஃபோன் என்பது காது. அது கேட்க மட்டுமே செய்யும். ஆக்டிவ் சோனார் ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதை வைத்து எதிரி இருக்கும் தூரத்தைச் சொல்லும். ஆனால் அனுப்பியவர் இருக்கும் இடமும் எதிரிக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கதைகளில் நீர்மூழ்கிக்காரர்கள் கூடுமானவரை கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள். மேலே இருக்கும் போர்க்கப்பல்தான் ‘பிங்... பிங்...’ என்று தேடுகிறது. அது வீசும் ஆழ வெடிகுண்டு எத்தனை மீட்டரில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைப்பார்கள். கேப்டன்கள் ஆழத்தை மாற்றிக்கொண்டே இருப்பது அந்த ஊகத்தை ஏமாற்றத்தான்.

2. ஹெட்போனுக்குச் செலவழியுங்கள், திரைக்கு வேண்டாம்

நீர்மூழ்கியில் சன்னல் கிடையாது. கதாபாத்திரங்களுக்கு வெளியுலகம் முழுக்கக் காது வழியாகத்தான் வருகிறது. நமக்கும் அப்படித்தான் வர வேண்டும். கைபேசி ஸ்பீக்கரிலோ, மின்விசிறி ஓடும் ஹாலில் டிவி ஸ்பீக்கரிலோ பார்த்தால் பாதிப் படம் காதில் விழாது. தூரத்தில் ப்ரொப்பெல்லர் நெருங்கும் சத்தம் ரொம்ப மெல்லியதாகத் தொடங்கும். கப்பலில் எல்லோரும் தலையைத் தூக்கி மேலே பார்ப்பார்கள். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் எதற்காகப் பார்க்கிறார்கள் என்றே நமக்குப் புரியாது. காதை முழுக்க மூடும் சாதாரண ஹெட்போன் போதும். பெரிய திரை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். இந்தப் படங்களில் நீலக்கடல் காட்சிகள் குறைவு. வியர்த்த முகங்கள்தான் அதிகம்.

3. முதல் படமாக ‘காஸி’ பாருங்கள்

உலகத்தரமான படங்கள் இருக்க, ஏன் 2017-ல் வந்த இந்தப் படம்? முதல் காரணம் மொழி. தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்ட இது தமிழிலும் டப் ஆகியிருக்கிறது. கப்பலின் பகுதிகளும் கட்டளைகளும் பழகும்வரை வசன வரிகளை (சப்டைட்டில்) துரத்தாமல் பார்ப்பது புதியவர்களுக்குப் பெரிய உதவி. இரண்டாவது, கதை நம் பக்கத்துக் கடலில், விசாகப்பட்டினத்துக்கு வெளியே நடக்கிறது. சங்கல்ப் ரெட்டி இயக்கம். ராணா டகுபதி, கே கே மேனன், அதுல் குல்கர்னி நடிப்பு. சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. நீளம் இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான்.

ஆத்திரக்கார கேப்டன், விதிமுறை பேசும் இளைய அதிகாரி, நடுவில் நிற்கும் மூன்றாமவர்: இந்த முக்கோணம் உலகம் முழுக்க நீர்மூழ்கிப் படங்களில் திரும்பத் திரும்ப வரும். இங்கே அதைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் பிற படங்களில் சட்டென்று பிடிபடும்.

எச்சரிக்கை ஒன்று. படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1971 டிசம்பர் 3-4 இரவில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது உண்மை. அது இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வந்ததும் உண்மை. எப்படி மூழ்கியது என்பதில்தான் சர்ச்சை. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ வெடிகுண்டுகளால் என்கிறது இந்தியத் தரப்பு. விபத்தால், ஒருவேளை அது விதைத்த கண்ணிவெடிகளாலேயே, என்கிறது பாகிஸ்தான் தரப்பு. படத்தில் வருவது போல இரண்டு நீர்மூழ்கிகள் அடியில் மோதிக்கொண்டது கற்பனை. கற்பனை என்று தெரிந்து பார்த்தாலும் படம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது.

4. ‘தாஸ் போட்’: எந்த வெர்ஷன் என்று பார்த்து எடுங்கள்

இந்த வகையின் உச்சம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. லோதர்-குந்தர் புக்ஹைம் போர்க்காலச் செய்தியாளராக ஜெர்மனியின் யு-96 நீர்மூழ்கியில் பயணம் செய்தவர். அந்த அனுபவத்திலிருந்து 1973-ல் நாவல் எழுதினார். வோல்ஃப்காங் பீட்டர்சன் அதை 1981-ல் படமாக்கினார். புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று வடிவங்கள் இருக்கின்றன. 1981-ல் திரையரங்குக்கு வந்தது 149 நிமிடம். 1997-ல் இயக்குநரே திருத்தி, ஒலியையும் புதுப்பித்து வெளியிட்டது 208 நிமிடம். தொலைக்காட்சிக்காகப் பகுதி பகுதியாக வந்தது ஏறக்குறைய 5 மணி நேரம். முதல்முறை பார்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 208 நிமிட வடிவம். 149 நிமிடத்தில் சண்டைகள் இருக்கும், காத்திருப்பு குறைந்துவிடும். எதிரியே கண்ணில் படாத நாட்கள், புயல், அழுக்கு, சலிப்பு எல்லாம் இந்தக் கதையின் உயிர். அவற்றைக் கடந்து வந்தால்தான் முதல் ஆழ வெடிகுண்டு வெடிக்கும்போது நம் வயிறும் சேர்ந்து சுருங்கும். படம் பிடித்துப்போனால் ஒரு வருஷம் கழித்து 5 மணி நேர வடிவத்துக்குப் போங்கள்.

இனி, கவனிக்க வேண்டியவை.

2018-ல் இதே பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. கதையும் நடிகர்களும் வேறு. ஓடிடியில் பெயரைத் தட்டினால் பல சமயம் இதுதான் முதலில் வரும். ஆண்டு 1981 என்றும் இயக்குநர் பெயர் பீட்டர்சன் என்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஐரோப்பிய டிவிடியில் 208-க்குப் பதில் 200 நிமிடம் என்று போட்டிருந்தால் வெட்டிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டாம். அங்கே நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 25 ஃப்ரேம் ஓடும். படம் முழுசாகத்தான் இருக்கும். சற்று வேகமாக ஓடி முடிகிறது, அவ்வளவுதான்.

வசன வரிக் கோப்பைத் தனியாக எடுப்பவர்கள், கோப்பு எந்த நீளத்துக்கானது என்று பார்த்து எடுங்கள். ஒரு வடிவத்துக்கானது இன்னொன்றில் சில நிமிடங்களிலேயே பொருந்தாமல் போய்விடும். ஆங்கில டப்பிங்கும் உண்டு. ஆனால் ஜெர்மன் ஒலியில், வசன வரியோடு பார்ப்பதே நல்லது. இந்தப் படத்தில் கிசுகிசுப்புக்குக்கூடக் கனம் இருக்கிறது. டப்பிங்கில் அது கரைந்துவிடும்.

நேரத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து 2 மணிக்கு உட்கார்ந்தால், நடுவில் ஒரு காபி இடைவேளையோடு 6 மணிக்குள் முடிக்கலாம். வார நாள் இரவில் அரை மணி நேரமாகப் பிய்த்துப் பார்த்தால் அந்த அடைசல் உணர்வு ஏறவே ஏறாது.

பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். கப்பல் புறப்படும்போது ரொட்டியும் தொத்திறைச்சியும் தலைக்கு மேலே தொங்கும். இருப்பதே இரண்டு கழிப்பறைகள்; அதில் ஒன்றில் சாப்பாட்டுப் பொருளை அடைத்துவிடுவார்கள். ஐம்பது பேருக்கு மிச்சம் ஒன்றுதான். ‘அலார்ம்!’ என்று கத்தியதும் வேலையில் இல்லாத அத்தனை பேரும் குனிந்து, வட்டக் கதவுகளுக்குள் பாய்ந்து, முன்பக்கம் ஓடுவார்கள். பயந்து ஓடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பக்கம் எடை கூடினால் கப்பலின் மூக்கு சீக்கிரம் தாழும். சில நொடிகள் மிச்சம். கேமராவும் அவர்கள் பின்னாலேயே ஓடும். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ கையில் பிடித்துக்கொண்டு ஓடக்கூடிய சிறு கேமராவை இதற்காகவே உருவாக்கினார். அந்த ஓட்டம் ஒன்றிலேயே கப்பல் எவ்வளவு குறுகல், எவ்வளவு நீளம் என்பது நம் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

5. அடுத்து அணு நீர்மூழ்கிகள்

இங்கே இரண்டு படங்கள் போதும், மூன்றாவது விருப்பம்.

‘தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்’, 1990, இரண்டேகால் மணி நேரம். காப்பீட்டு முகவராக இருந்த டாம் கிளான்சி எழுதிய முதல் நாவலிலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் பதிப்பகம் 1984-ல் அதை வெளியிட்டது. அவர்கள் வெளியிட்ட முதல் புனைகதையும் அதுதான். படம் முதல், நாவல் அப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவலில் கருவிகளின் விவரம் பக்கம் பக்கமாக வரும். படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் அது சுமையாக இருக்காது. நீங்கள் எடுக்கும் பிரதியில் தொடக்கத்து ரஷ்ய வசனங்களுக்கு வசன வரி ஓடுகிறதா என்று பாருங்கள். சில நிமிடம் கழித்து, சோவியத் நீர்மூழ்கியின் அரசியல் அதிகாரி சத்தமாகப் படிக்கும்போது கேமரா மெல்ல அவர் வாயை நெருங்கும். ஒரே ஒரு சொல்லில் பேச்சு ரஷ்யனிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். அழகான ஏற்பாடு.

‘க்ரிம்சன் டைட்’, 1995, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏவுகணை விடச் சொல்லி ஒரு கட்டளை வருகிறது. அடுத்த செய்தி பாதியில் அறுந்துபோகிறது. கேப்டனும் துணை கேப்டனும் எதிரெதிரே நிற்கிறார்கள். கப்பலுக்குள் கலகம் என்பதால் அமெரிக்கக் கடற்படை படத்துக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. இப்படியெல்லாம் நடக்குமா என்று தோன்றினால், 1962 அக்டோபர் 27 அன்று கியூபாவுக்கு அருகே சோவியத்தின் பி-59 நீர்மூழ்கியில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகள் போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே அணு டார்பிடோ இருந்தது. வாசிலி அர்கிபோவ் என்ற அதிகாரி அன்று நிதானமாக நின்றவர் என்று பின்னாளில் தெரியவந்தது.

விருப்பமானது ‘தி வுல்ஃப்ஸ் கால்’ என்ற 2019 பிரெஞ்சுப் படம். சத்தத்தைக் கேட்டே கப்பலை அடையாளம் சொல்லும் நிபுணர்தான் கதாநாயகன். இரண்டாம் படியில் சொன்ன ஹெட்போன் இங்கே முழுப் பலனும் தரும்.

6. ஜூல்ஸ் வெர்ன்: மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

எல்லோருக்கும் தெரிந்த நீர்மூழ்கி நாவல் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’. 1869-70-ல் தொடராக வந்தது. இதை முதல் படியாக நான் வைக்காததற்குக் காரணம் உண்டு. மீன் வகைகளைப் பட்டியலிடும் பத்திகள் நிறைய. அவசரக்காரர்கள் பாதியில் மூடிவிடுவார்கள். படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் பொறுமை தானாக வரும்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை. 1870-களில் லூயிஸ் மெர்சியர் செய்த மொழிபெயர்ப்பு மூலத்தில் கால்வாசியை விட்டுவிட்டது, பிழைகளும் ஏராளம். அது காப்புரிமை இல்லாதது என்பதால் இன்றும் புது அட்டை போட்டு விற்கிறார்கள். அட்டையில் ‘முழுமையான பதிப்பு’ என்று அச்சிட்டு வீட்டுக்கு வந்த பிரதியைத் திறந்து பார்த்தால் உள்ளே அதேதான் இருந்தது. திருப்பி அனுப்பும் தேதியும் முடிந்திருந்தது. அதனால் மொழிபெயர்ப்பாளர் பெயர் போடாத பதிப்பை வாங்கவே வேண்டாம்.

செலவே இல்லாத வழி இருக்கிறது. எஃப். பி. வால்டர் செய்த முழு மொழிபெயர்ப்பு ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசம், எண் 2488. அதே தளத்தில் 164 என்ற எண்ணில் இருப்பது மெர்சியருடையது. தேடும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எண்ணைப் பார்த்து இறக்குங்கள். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் முடிக்கலாம்.

தமிழ் வாசகர்கள் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தைத் தவறவிடக் கூடாது. இந்த நாவலில் வரும் நீர்மூழ்கியின் பெயரும் நாட்டிலஸ்தான், அதன் கேப்டன் நீமோ. அது இலங்கைக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிக்கும் இடத்தில் நீமோ இறங்குகிறார். ஏழை முத்துக்குளிப்பவர் ஒருவரைச் சுறா தாக்க, நீமோ கத்தியோடு அதன்மேல் பாய்கிறார். பிழைத்த மனிதன் கையில் ஒரு பை முத்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன் அவன். தானும் அந்த நாட்டவனே என்று நீமோ பிறகு சொல்லும் இடம் ஒன்று வரும். அது ஏன் என்பதற்கு விடை ‘மர்மத் தீவு’ நாவலில் இருக்கிறது: நீமோ பந்தேல்கண்டின் இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் உறவினர், 1857 எழுச்சியில் போராடித் தோற்றவர். இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதல் நாவலில் கரையை வெறுக்கும் அந்த மனிதரின் வலி இரண்டாவதில்தான் முழுசாகப் புரிகிறது.

7. ‘உண்மைச் சம்பவம்’ என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இந்த வகையில் வரலாற்றை வளைப்பது வழக்கம். மோசமான எடுத்துக்காட்டு 2000-ல் வந்த ‘யு-571’. ஜெர்மனியின் ரகசியச் செய்திகளைச் சங்கேதமாக்கும் எனிக்மா இயந்திரத்தை அமெரிக்கர்கள் நீர்மூழ்கியிலிருந்து கைப்பற்றுவதாகக் காட்டுகிறது. நிஜத்தில் யு-110 என்ற நீர்மூழ்கியிலிருந்து அதை எடுத்தவர்கள் பிரிட்டனின் புல்டாக் கப்பல்காரர்கள். 1941 மே மாதம். அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை கோபம் போனது. படத்தில் ஆழ வெடிகுண்டுக் காட்சிகள் அபாரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் உயிரைப் பணயம் வைத்தவர்களின் பெயரை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2002-ன் ‘கே-19’ இதற்கு மாறாக, 1961 ஜூலையில் சோவியத் அணு நீர்மூழ்கியில் நிஜமாகவே நடந்த உலை விபத்தைச் சொல்கிறது. உரையாடல்களும் சில மோதல்களும் கற்பனை. உலையைக் குளிர்விக்க உள்ளே போனவர்கள் கதிர்வீச்சில் இறந்தது உண்மை. மனதைத் தயார்படுத்திக்கொண்டு பாருங்கள்.

8. வீட்டில் குழந்தைகள் இருந்தால்

மேலே உள்ளவை எதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. அவர்களுக்கு பீட்டில்ஸின் 1968 அனிமேஷன் படம் ‘யெல்லோ சப்மரின்’. ஒன்றரை மணி நேரம். கொஞ்சம் பெரியவர்கள் என்றால் 1954-ல் டிஸ்னி எடுத்த வெர்ன் படம்.

9. கடைசியாக ஒரு நிஜக் கப்பலுக்குள் போய் வாருங்கள்

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா நிற்கிறது. சோவியத் தயாரிப்பு, டீசல் வகை, 91 மீட்டர் நீளம். 1969 முதல் 2001 வரை பணியில் இருந்து, 2002 முதல் அருங்காட்சியகம். சென்னையிலிருந்து ரயிலில் 12 முதல் 14 மணி நேரம். வெள்ளி இரவு கிளம்பி, சனி மாலை பார்த்து, ஞாயிறு திரும்பிவிடலாம். டிக்கெட் வாயிலிலேயே கிடைக்கும். பெரிய செலவு ரயிலுக்கும் தங்கும் அறைக்கும்தான்.

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள் என்பதால், காலையில் போய் வெயிலில் நிற்காதீர்கள். நேரம் மாறக்கூடும், கிளம்புவதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் வரிசை நீளும். உள்ளே பின்னாலிருந்து கூட்டம் தள்ளும். கூட்டம் குறைந்த வார நாளில் போனால் விளக்கம் சொல்பவர்களிடம் நின்று கேட்கலாம். அவர்களில் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. கேட்டால் ஆர்வமாகச் சொல்வார்கள்.

படங்களைப் பார்த்துவிட்டுப் போவதன் பலன் உள்ளே தெரியும். பெட்டிக்குப் பெட்டி வட்டக் கதவுகள். ஒரு காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, அப்புறம் மற்றக் காலை இழுக்க வேண்டும். இதற்குள்தான் அவர்கள் ஓடினார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், அடைத்த இடத்தில் மூச்சு முட்டுபவர்களுக்கும் இது கஷ்டம். கூட வரும் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புடவையைவிட சுடிதாரோ பேன்ட்டோ வசதி. தோள்பையை வெளியிலேயே விட முடிந்தால் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கதவிலும் மாட்டும்.

உள்ளே அரை மணி நேரம் ஆகும். சாலைக்கு மறுபக்கம் டியூ-142 விமானம் அருங்காட்சியகமாக நிற்கிறது. நீர்மூழ்கிகளைத் தேடி அழிக்கப் பறந்த விமானம் அது. வேட்டையாடப்பட்டவர்களின் பக்கத்தைப் பார்த்த கையோடு வேட்டைக்காரர்களின் பக்கத்தையும் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.